முதல் உறைபனிக்கு முன்னும் பின்னும்: ஒன்ராறியோவின் இலையுதிர் காலத்தை வீட்டிலிருந்தே அனுபவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்ராறியோவின் தென்பகுதியில் இலையுதிர் காலம் என்பது ஏறத்தாழ ஒன்பது வாரக் கணக்கு. செப்டெம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் தொழிலாளர் தினத்தோடு கோடை விடுமுறை முடிகிறது. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மணிக்கூட்டை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பியதும், மாலை ஐந்தரைக்கே ஊர் இருட்டிவிடுகிறது. இந்த இரண்டு நாட்களுக்கும் இடையில், வீட்டு வேலைகளையும் சமையலையும் முன், பின் என்று இரண்டாகப் பிரிக்கும் ஓர் இரவு உண்டு. அதுதான் முதல் உறைபனி விழும் இரவு.

கடைகளின் கணக்கு வேறு. அவை ஓகஸ்ட் மாதத்திலேயே பிளாஸ்டிக் பூசணிக்காய்களை அடுக்கிவிடுகின்றன. அந்தக் கணக்கைப் பின்பற்றினால் பூசணிக்காய் ஹலோவீனுக்கு முன்பே அழுகும், கறிவேப்பிலை மரம் முற்றத்திலேயே கருகும், அப்பிள் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது நல்ல பழங்கள் முடிந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி உறைபனியை வைத்தே வரிசைப்படுத்தப்பட்டிருக்கிறது. ரொறன்ரோவில் ஏரிக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு உறைபனி சற்றுத் தாமதமாகவே வரும், ஏனெனில் ஒன்ராறியோ ஏரியின் நீர் கோடைவெப்பத்தை நெடுநாள் பிடித்து வைத்திருக்கிறது. வடக்கே தள்ளி வீடு வாங்கியவர்கள் அதே வேலைகளை ஓரிரு வாரம் முன்னதாக முடிக்க வேண்டும். ஒக்டோபர் பிறந்ததிலிருந்து இரவுநேர வெப்பநிலையை நாள்தோறும் பார்த்துக்கொள்வது நல்லது.

செப்டெம்பர்: அப்பிள்

இலையுதிர் காலத்தை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு அப்பிளில் தொடங்குங்கள் என்பதே என் விடை. இந்த மாகாணத்துக்கும் அப்பிளுக்கும் உள்ள உறவு பழையது. 1811ஆம் ஆண்டில் ஜோன் மக்கின்டொஷ் என்ற குடியேறி, கிழக்கு ஒன்ராறியோவின் டண்டெலா என்ற இடத்தில் தம் காணியைத் துப்புரவாக்கியபோது, தானாக முளைத்திருந்த சில அப்பிள் கன்றுகளைக் கண்டு காப்பாற்றினார். அவற்றுள் ஒன்றின் வழிவந்ததே இன்று உலகறிந்த மக்கின்டொஷ் வகை. அப்பிள் விதையிலிருந்து தாய்மரத்தை ஒத்த பிள்ளை பிறப்பதில்லை. ஆகையால் இன்றுள்ள மக்கின்டொஷ் மரங்கள் எல்லாம் ஒட்டுக்கிளையின் ஒட்டுக்கிளையாக அந்த ஒரே மரத்துக்குத்தான் போய்ச் சேர்கின்றன.

தோட்டத்துக்குப் போகும் நாளை, என்ன சமைக்கப்போகிறீர்கள் என்பதை வைத்தே தீர்மானிக்க வேண்டும். மக்கின்டொஷ் செப்டெம்பர் நடுப்பகுதியில் பழுக்கும். அதன் சதை மென்மையானது. அடுப்பில் வைத்தால் கரைந்துவிடும். ஆகவே கூழாக்குவதற்கு அதைவிடச் சிறந்த பழம் இல்லை. நோர்தேர்ன் ஸ்பை என்ற வகை ஒக்டோபர் நடுப்பகுதி வரை காத்திருக்க வைக்கும். ஆனால் வெந்தபின்னும் துண்டு துண்டாகவே நிற்பதால் ‘பை’ (pie) என்ற பழப் பண்டமும், பழத்தின் மேல் மா உதிரி தூவி வாட்டும் கிறிஸ்ப்பும் செய்வதற்கு அதுவே ஏற்றது. கோட்லண்ட் வகையை வெட்டி வைத்தாலும் விரைவில் கறுக்காது என்பதால் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பெட்டிக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். பழத்தைப் பறிக்கும்போது கீழ்நோக்கி இழுக்கக்கூடாது. உள்ளங்கையில் ஏந்தி, சற்று மேலே தூக்கி, மெதுவாகத் திருகினால் முற்றிய பழம் காம்போடு கையில் வந்துவிடும். இழுத்துப் பறித்தால் அடுத்த ஆண்டு பூக்கவேண்டிய குறுங்கிளையும் சேர்ந்து முறியும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் மரத்தடியிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் மூன்றாவது மரத்துக்குப் போகும்போது அவர்கள் சொல் கேட்கும் நிலையில் இருக்கமாட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பழங்களை முதலில் பிரிக்க வேண்டும். அடிபட்டவை, புழு துளைத்தவை, காம்பு போனவை எல்லாம் அந்த வாரமே சமையலுக்குப் போகட்டும். பழுதில்லாதவற்றைத் துளையிட்ட பைகளில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தால் பல வாரங்கள் இருக்கும். அந்தத் தட்டில் கரட்டை வைக்கவேண்டாம். அப்பிள் வெளிவிடும் எதிலீன் என்ற வாயு பட்டால் கரட் கசந்துபோகும்.

அப்பிள் கூழ் செய்வதற்கு மூன்று கிலோ பழத்தைக் கழுவி, தோலோடு நான்காக வெட்டி, விதைப்பகுதியை மட்டும் நீக்கி, அடிகனமான பெரிய பாத்திரத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு துண்டுக் கறுவாவும் சேர்த்து மூடி, நடுத்தர நெருப்பில் இருபது முதல் இருபத்தைந்து நிமிடம் வேகவிட வேண்டும். அடிப்பிடிக்காமல் இடையிடையே கிளறுங்கள். தோலை நீக்காமல் வேகவைப்பதால் கூழுக்கு இளஞ்சிவப்பு நிறம் கிடைக்கும். வெந்ததும் கறுவாவை எடுத்துவிட்டு, கண் அகன்ற வடியில் கரண்டியால் அழுத்தித் தேய்த்தால் தோல் மேலே தங்கிவிடும். இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு சேர்த்துச் சுவை பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் சீனி போடலாம். மக்கின்டொஷ் பழத்துக்குப் பெரும்பாலும் சீனி தேவைப்படாது. இந்த அளவுக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் கூழ் கிடைக்கும்.

அதைக் குளிர்காலத்துக்குப் போத்தலில் அடைக்க விரும்புபவர்கள் அடுத்த படியைக் கவனமாகச் செய்ய வேண்டும். கண்ணாடிப் போத்தல்களைக் கொதிநீரில் சூடாக வைத்திருந்து, கொதிக்கும் கூழை வாய்விளிம்புக்குக் கீழே ஒன்றேகால் சென்ரிமீற்றர் இடைவெளி இருக்குமாறு ஊற்றுங்கள். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கரண்டியை ஓரமாக விட்டுக் காற்றுக்குமிழிகளை வெளியேற்றி, விளிம்பை ஈரத்துணியால் துடைத்து, புதிய மூடியை வைத்து, வளையத்தை விரல் நுனியால் இறுகும் அளவுக்கு மட்டும் திருக வேண்டும். பிறகு போத்தல்களுக்கு மேலே இரண்டரை சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்கும் பெரிய பானையில் அவற்றை இறக்கி, தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பின் 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 20 நிமிடம் கணக்கிடுங்கள். இது ரொறன்ரோ போன்ற தாழ்ந்த இடங்களுக்கான நேரம்; கல்கரி போன்ற உயரமான நகரங்களில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் நேரத்தைக் கூட்ட வேண்டும். வெளியே எடுத்த போத்தல்களை ஒரு துவாயின் மேல் 24 மணிநேரம் அசைக்காமல் விட்டு, மறுநாள் மூடியின் நடுவே அழுத்திப் பாருங்கள். உள்வாங்கி நின்றால் அது அடைபட்டுவிட்டது. டிக் என்று மேலெழுந்தால் அந்தப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் முடித்துவிட வேண்டும். நான் முதன்முதலில் அடைத்த ஆறு போத்தல்களில் நான்கு டிக் என்றன. வளையத்தை முழுப்பலத்தோடு இறுக்கியதுதான் காரணம். உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் போய்விட்டது.

கிறிஸ்ப் இதைவிட மிக எளிது. ஒரு கிலோ நோர்தேர்ன் ஸ்பை பழத்தைத் தோல் சீவித் துண்டாக்கி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி கறுவாத்தூள், கால் தேக்கரண்டி ஏலக்காய்த்தூள் சேர்த்துப் பிரட்டி, இருபது சென்ரிமீற்றர் சதுரத் தட்டில் பரப்புங்கள். ஒரு கோப்பை ஓட்ஸ், அரைக் கோப்பை கோதுமை மா, அரைக் கோப்பை மண்ணிறச் சீனி ஆகியவற்றோடு அரைக் கோப்பை குளிர்ந்த பட்டரைச் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்து மேலே தூவி, 350 பாகை பரனைட்டில் நாற்பத்தைந்து நிமிடம் வையுங்கள். (இங்குள்ள அவண்களில் பெரும்பாலும் பரனைட் அளவே எழுதியிருப்பதால் இக்கட்டுரையிலும் அதையே தருகிறேன்.) ஏலக்காய் கனேடியச் செய்முறைகளில் இல்லாத ஒன்று, ஆனால் ஒருமுறை சேர்த்தவர்கள் பிறகு அதை விடுவதில்லை.

உறைபனிக்கு முந்திய வேலைகள்

கனடாவில் தமிழர் வீட்டு முற்றத்தில் இலையுதிர் காலத்தின் மிக அவசரமான உயிர் கறிவேப்பிலைதான். கோடை முழுவதும் தொட்டியில் தளதளவென்று நின்ற மரம் ஒரே ஓர் உறைபனி இரவில் கறுத்துவிடும். இரவு வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே அதை உள்ளே எடுப்பதற்கான ஆயத்தங்களைச் செய்ய வேண்டும். அதற்குச் செப்டெம்பர் நடுப்பகுதி ஏற்ற காலம்.

முதல் வாரம் தொட்டியை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள். வீட்டுக்குள் இருக்கப்போகும் குறைந்த வெளிச்சத்துக்கு மரம் பழக வேண்டும். அடுத்து, இலைகளின் அடிப்பக்கத்தையும் தண்டுகளின் கணுக்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்டில் ஒட்டிய மண்ணிறப் பொட்டுகள் செதிற்பூச்சிகள். இலைகளுக்கிடையே நூலாம்படை போலத் தெரிந்தால் அது சிலந்திப்பேன். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சி இலைகளைக் கழுவிவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்து, சில மணிநேரம் கழித்து மீண்டும் கழுவ வேண்டும். ஒரு வாரத்தின் பின் இதையே இன்னொரு முறை செய்யாமல் உள்ளே எடுக்கவேண்டாம், ஏனெனில் முதல் தடவை தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். உள்ளே வந்தபின் தெற்குப் பார்த்த யன்னலே அதன் இடம். வெப்பக்காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. இலைகள் மஞ்சளாகி உதிரத் தொடங்கும்போது பலரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றுகிறார்கள். குளிர்காலத்தில் இந்த மரங்கள் சாவதற்கு அதுவே முதற்காரணம். மேல்மண் விரற்கடை ஆழத்துக்குக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். உரத்தைப் பங்குனி வரை மறந்துவிடலாம்.

கொடியில் மிஞ்சிய பச்சைத் தக்காளிகளையும் அதே வாரத்தில் பறிக்க வேண்டும். பச்சை நிறம் வெளிறி, மினுமினுப்பு ஏறியவை முற்றியவை. அவற்றை ஒன்றையொன்று தொடாமல் ஒரு மட்டைப்பெட்டியில் அடுக்கி, நடுவே ஓர் அப்பிளை வைத்து, பத்திரிகைத்தாளால் மூடி, வீட்டின் சாதாரண வெப்பத்தில் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழுக்கும். கரட்டைக் கெடுத்த அதே வாயு இங்கே உதவிக்கு வருகிறது. கடும்பச்சையாக இருப்பவை பழுக்கமாட்டா. அவற்றைச் செத்தல் மிளகாய், உள்ளி, சிறிது பழப்புளியோடு வதக்கிச் சம்பலாக அரைத்துவிடுங்கள். பச்சை மிளகாய்களைக் கழுவித் துடைத்து முழுதாகப் பிரீசரில் போட்டுவைத்தால் அடுத்த கோடை வரை கடையில் வாங்கத் தேவையில்லை.

இலைகள்

மேப்பிள் இலை சிவப்பதற்கு உறைபனிதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு, அது சரியன்று. பகல் குறுகக் குறுக, மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்திவிடுகிறது. பச்சை மறைந்ததும், முன்பே இலைக்குள் இருந்த மஞ்சள், செம்மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. சிவப்பு அப்படியன்று. இலைக்குள் தங்கிய சீனியிலிருந்து அது புதிதாக உண்டாகிறது. அதனால்தான் பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கும் ஆண்டுகளில் சிவப்பு எரிகிறது. கடும் உறைபனி வந்தால் அந்தச் சிவப்பே கெட்டுவிடும். ஆகவே இலை பொறுக்கும் நாளையும் உறைபனிக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்யாத நாளின் பிற்பகலில், காய்ந்து சுருளாத இலைகளாகப் பொறுக்க வேண்டும். ரொறன்ரோத் தெருக்களில் நிறையவுள்ள நோர்வே மேப்பிள் பெரும்பாலும் மஞ்சளாகவே மாறும். சிவப்பும் செம்மஞ்சளும் வேண்டுமென்றால் சீனி மேப்பிளைத் தேடிப் பூங்காக்களுக்குப் போகவேண்டியிருக்கும். இலைகளைப் பத்திரிகைத்தாள்களுக்கிடையே பரப்பி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, இரண்டாம் நாள் தாளை மட்டும் மாற்றிவிட்டால் பத்து நாட்களில் தட்டையாகக் காய்ந்துவிடும். இப்படிக் காய்ந்தவை நொறுங்கக்கூடியவை. வளைந்து கொடுக்கும் இலைகள் வேண்டுமென்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு பங்கும் தண்ணீர் இரண்டு பங்கும் கலந்து ஒரு தட்டையான தட்டில் ஊற்றி, இலைகளை அதில் அமிழ்த்தி, மேலே இன்னொரு தட்டை வைத்து நான்கைந்து நாள் விடுங்கள். இலையிலுள்ள நீர் போய் அந்த இடத்தைக் கிளிசரின் பிடித்துக்கொள்ளும். நிறம் சற்று ஆழ்ந்துபோகும். ஆனால் இலை தோல் போல மென்மையாக இருக்கும்.

இந்த இலைகளைத் தோரணமாகக் கோப்பதுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. நவராத்திரி பெரும்பாலும் செப்டெம்பர் கடைசிக்கும் ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் இடையில் வந்துவிடுவதால், மாவிலை எளிதில் கிடைக்காத இந்த நாட்டில் கும்பத்துக்கு மாவிலையும் வாசலுக்கு மேப்பிள் இலையும் என்று ஒரு சமரசத்துக்கு வந்திருக்கிறோம். கும்பத்து மாவிலையைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம்.

நன்றி தெரிவிக்கும் நாளும் கிரான்பெரியும்

கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள் ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை வருகிறது. 1957ஆம் ஆண்டிலிருந்து அது அந்த நாளிலேயே நிலைபெற்றிருக்கிறது. அமெரிக்காவில் நவம்பர் கடைசியில் வரும் விருந்தோடு இதைக் குழப்பவேண்டாம். இங்கே அது அறுவடை முடியும் நேரத்தோடு ஒட்டியே வருகிறது. மஸ்கோக்காப் பகுதியின் பாலா என்ற சிற்றூரில் கிரான்பெரி அறுவடையும் அந்த வாரங்களில்தான். வான்கோழி வாட்டுவதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் செய்முறைகள் உண்டு, பெரும்பாலானவற்றின் முடிவு ஒரே வறண்ட நெஞ்சிறைச்சி. ஆனால் கிரான்பெரி நம் கைக்கு என்றே பிறந்த பழம். புளிப்பும் துவர்ப்பும் நெல்லிக்காயை நினைவூட்டும் அளவுக்கு உண்டு; சீனிப்பாகில் முக்கி அதை வீணாக்குவதைவிட ஊறுகாய் போடுவதே முறை.

ஒரு 340 கிராம் பை கிரான்பெரியைக் கழுவி, துவாயில் பரப்பி, ஈரம் முழுவதும் போகக் காயவிடுங்கள். பாதியை இரண்டாக வெட்டி, பாதியை முழுதாக விடலாம். தாச்சியில் மூன்றிலொரு கோப்பை நல்லெண்ணெயைக் காயவைத்து ஒரு தேக்கரண்டி கடுகைப் போட்டு, அது வெடித்து அடங்கியதும் கால் தேக்கரண்டி பெருங்காயமும் அரைத் தேக்கரண்டி மஞ்சளும் சேர்த்து, உடனே பழத்தைக் கொட்டுங்கள். இப்போது கடுகின் வெடிப்பு முடிந்து பழத்தின் வெடிப்புத் தொடங்கும். முழுப்பழங்கள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று பிளக்கும் அந்த ஓசையே பதம். ஆறேழு நிமிடத்தில் பெரும்பாலானவை பிளந்ததும் நெருப்பைக் குறைத்து, இரண்டு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி உப்பு, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் தெரியும்போது இறக்க வேண்டும். ஆறியபின் உலர்ந்த போத்தலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஒரு மாதம் கவலையில்லை. சூடாக ருசி பார்த்து உப்பும் உறைப்பும் கூடிவிட்டது என்று பயப்படவேண்டாம். இரண்டு நாள் ஊறினால் சமனாகிவிடும்.

பூசணிக்காய்: வெட்டுவதற்கு ஒன்று, சமைப்பதற்கு ஒன்று

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆண்டில், வாசலில் வைப்பதற்கென்று விற்கப்படும் பெரிய செம்மஞ்சள் பூசணிக்காயை மலிவென்று வாங்கிவந்து கறி வைத்தேன். கறி என்று நான் சொல்வது மரியாதைக்காக. நாரும் தண்ணீரும் தவிர அதில் வேறெதுவும் இருக்கவில்லை. அந்தப் பெரிய காய்கள் உருவத்துக்காக வளர்க்கப்படுபவை. சமையலுக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ எடையுள்ள சீனிப் பூசணி என்ற சிறிய வகையை வாங்குங்கள். அதைவிடச் சிறந்தது பட்டர்நட் ஸ்குவாஷ். நம் ஊரில் காலங்காலமாகச் சமைக்கும் மஞ்சள் பூசணிக்காயும் பட்டர்நட்டும் தாவரவியலில் ஒரே இனம். அந்த இனத்தின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டம்தான். தமிழ்நாட்டில் அதைப் பரங்கிக்காய் என்று அழைப்பது, பறங்கியரின் கப்பலில் வந்து இறங்கிய கதையைப் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆகவே பட்டர்நட்டை இங்கே சமைப்பவர் ஊர்க்கறிக்கு மாற்றுத் தேடவில்லை. அந்தக் காயை அதன் பிறந்த கண்டத்திலேயே சந்திக்கிறார்.

காயை நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்து எடுத்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்குமாறு தட்டில் வைத்து, 400 பாகை பரனைட்டில் நாற்பத்தைந்து நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை வாட்டுங்கள். கத்தி தடையின்றி இறங்கினால் வெந்துவிட்டது. ஆறியதும் சதையைக் கரண்டியால் வழித்து மசித்து, சீனிப் பூசணியாக இருந்தால் மெல்லிய துணி விரித்த வடியில் ஒரு மணிநேரம் வைத்து நீரை வடிக்க வேண்டும்; பட்டர்நட்டுக்கு அது தேவையில்லை.

இந்த மசியலை அப்பிள் கூழைப் போலப் போத்தலில் அடைக்கக்கூடாது. பூசணிக்காயில் புளிப்பு இல்லை. மசியலோ கெட்டியானது, வெப்பம் அதன் நடுவரை சீராகப் போய்ச் சேர்வதில்லை. கொதிநீரில் சாகாத பொற்றுலினம் கிருமியின் வித்துகள் காற்றில்லாத போத்தலுக்குள் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதை மணமோ நிறமோ காட்டிக்கொடுக்காது. வீட்டிலுள்ள அழுத்தக்கலனாலும் மசியலுக்கு இதைத் தீர்க்க முடியாது. ஆகவே ஒரு கோப்பை அளவாகப் பைகளில் இட்டு, தட்டையாக அமர்த்திப் பிரீசரில் அடுக்குங்கள்.

அதிலிருந்து இரண்டு கோப்பை எடுத்தால் ஒரு மாலைக்கான சூப் தயார். ஒரு வெங்காயத்தையும் விரலளவு இஞ்சியையும் வதக்கி, அரைக் கோப்பை மைசூர்ப் பருப்பும் மூன்று கோப்பை தண்ணீரும் விட்டுப் பருப்புக் கரையும்வரை வேகவைத்து, பூசணி மசியலைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் அரைக் கோப்பை தேங்காய்ப்பாலும் உப்பும் இட்டு, மிளகும் சின்னச்சீரகமும் இடித்துத் தூவி, யன்னலோரம் நிற்கும் கறிவேப்பிலையில் ஒரு நெட்டைத் தாளித்துக் கொட்ட வேண்டும். மரத்தைக் காப்பாற்றியதன் முதற்பயன் இது.

வழித்தெடுத்த விதைகளை எறியவேண்டாம். கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து வடித்து, துவாயில் நன்றாகக் காயவிட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் சிறிது மிளகாய்த்தூளும் மஞ்சளும் பிரட்டி, 350 பாகையில் பதினைந்து முதல் இருபது நிமிடம் கிளறிக் கிளறி வாட்டினால் போதும். கொதிக்கவைக்காமல் நேரே வாட்டியவை வெளியே கருகி உள்ளே மெல்ல முடியாமல் இருக்கும்.

ஹலோவீன் இரவில் வாசலில் வைக்கும் பூசணிக்காயில் முகம் செதுக்குவதை ஒக்டோபர் 31க்கு நான்கு நாட்களுக்கும் மேல் முன்னதாகத் தொடங்கக்கூடாது. செதுக்கிய காய் அதற்கு மேல் நிற்பதில்லை. அயர்லாந்து மக்கள் ஒருகாலத்தில் டேர்னிப் கிழங்கில் செதுக்கிய விளக்கே வட அமெரிக்காவில் பூசணிக்காய்க்கு மாறியது. முதலில் காம்பைச் சுற்றி மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெட்டிய மூடி உள்ளே விழுந்துவிடும். முகம் வரும் பக்கத்துச் சுவரை இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சுரண்டி, படத்தைக் கடதாசியில் வரைந்து ஒட்டி, கோடு நெடுக ஊசியால் குத்திப் புள்ளியிட்டு, சிறிய பல்லுள்ள கத்தியால் நடுப்பகுதியிலிருந்து வெளிநோக்கி வெட்டுங்கள். சுரண்டும் வேலை பிள்ளைகளுக்கு, வெட்டும் வேலை பெரியவர்களுக்கு. வெட்டிய விளிம்புகளில் வசலின் பூசினால் வாடுவது சற்றுத் தாமதமாகும். மெழுகுதிரிக்குப் பதிலாக மின்கல விளக்கு வைப்பதே பாதுகாப்பானது. நீண்ட ஆடைகளோடு பிள்ளைகள் வாசலுக்கு வரும் இரவு அது. அணில்களிடமிருந்து காயைக் காப்பதற்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

உறைபனிக்குப் பின்: உள்ளி நடுதல்

எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில் தொடங்கும் ஒரே தோட்டவேலை உள்ளி நடுவது. அதன் கிழங்கு பல்லாகப் பிரியக் குளிர் வேண்டும். நிலம் இறுகி உறைவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பாக, ஒக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் முதல் வாரத்துக்கும் இடையில் நடுங்கள். கடையில் விற்கும் இறக்குமதி உள்ளியை நடவேண்டாம். அது பெரும்பாலும் இந்தக் குளிருக்குப் பழகாத வகை. உழவர் சந்தையில், நடுவே கெட்டியான தண்டுள்ள உள்ளூர் உள்ளி கிடைக்கும். நடும் நாளில் மட்டும் பல்லைப் பிரித்து, பெரியவற்றை நடுவதற்கும் சிறியவற்றைக் குழம்புக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். கூர் மேலே இருக்க, ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் ஆழத்தில், பதினைந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றி மண்ணை மூட வேண்டும். அதன்மேல் முற்றத்தில் கூட்டிய இலைகளைப் புல்வெட்டும் இயந்திரத்தால் நொறுக்கி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். நொறுக்காத மேப்பிள் இலைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாய் போலாகி, சித்திரையில் முளையை வெளியே விடமாட்டா. ஆனியில் வரும் பூந்தண்டை ஒடித்துத் தேங்காய்ப்பூவோடு வறை வறுக்கலாம். கீழிலைகள் பழுப்பாகும் யூலையில் கிழங்கைக் கிண்டி எடுக்கலாம்.

மணிக்கூடு மாறிய ஞாயிறு

ஒரு மணிநேரம் கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் ஒடியல் கூழுக்கு ஒதுக்குகிறோம். ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கின் மா) இருநூறு கிராமைக் காலையிலேயே தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை ஊற்றிவிடுங்கள். பெரிய பானையில் ஒரு கைப்பிடி அரிசி, மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயற்றங்காய் ஆகியவற்றை வேகவிட்டு, பாதி வெந்ததும் மீன்தலையும் நண்டும் இறாலும் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்ததையும் பழப்புளிக் கரைசலையும் சேர்த்து, எல்லாம் வெந்தபின் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றிக் கட்டிபடாமல் துழாவ வேண்டும். மரவள்ளியும் பலாக்கொட்டையும் இங்கே உறைந்த நிலையில்தான் கிடைக்கும். பலாவிலைக்குப் பதில் கோப்பையில் குடிப்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பக்கத்தில் கிரான்பெரி ஊறுகாய் இருந்தால் கேட்பதற்கு ஒவ்வாததாகத் தோன்றும். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஐந்தரைக்கு வெளியே இருட்டும்போது பானை அடுப்பிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.